ஆளில்லாக் கடையின் சரக்கு

கடைக்காரர் இறந்துவிட்டார். அவருடைய மனைவி மக்களும் இறந்துவிட்டார்கள். வாரிசு என்று சொல்லிக்கொண்டு வர ஒருவருமில்லை. கடன் கொடுத்தவரும் இல்லை, கடன் பட்டவரும் இல்லை. பூட்டைக் காக்கப் போலீஸ் இல்லை. வழக்கை விசாரிக்க நீதிபதி இல்லை. ஆனால் அலமாரிகள் நிறையச் சரக்கு இருக்கிறது. அந்த வழியே பசியோடு வரும் ஒருவன் கதவைத் திறந்து இரண்டு டப்பாக்களை எடுத்துச் செல்கிறான். அவன் செய்தது திருட்டா? திருட்டு இல்லையென்று சொல்வோமாயின், மறுநாள் அவனே ஒரு லாரியைக் கொண்டுவந்து கடை முழுவதையும் ஏற்றிச் சென்றால் அதுவும் திருட்டு இல்லைதானா?

பற்று, வரவு, நிலுவை, வாரிசு, லைசென்ஸ் ஆகிய இவற்றின் மேலேதான் வியாபாரிகளாகிய நாம் உட்கார்ந்திருக்கிறோம். இவையனைத்தும் ஒரே மாதத்தில் அழிந்துபோனால் நம் கையில் மிஞ்சக்கூடிய நேர்மை எவ்வளவு என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போமாக.

கேள்வியை எழுப்பியது ஒரு தொலைக்காட்சி நாடகம். 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பிரிட்டனின் பி.பி.சி. நிலையத்தில் தொடங்கி 1977 ஜூன் வரை, மூன்று தொடர்களில் 38 பகுதிகளாக ஒளிபரப்பான 'சர்வைவர்ஸ்' என்பதே அது. பிழைத்திருப்போர் என்று தமிழில் சொல்லலாம். படைத்தவர் டெர்ரி நேஷன். 'டாக்டர் ஹூ' நாடகத்தில் டாலெக் என்னும் இயந்திரப் பூதங்களை உலவவிட்டுப் பிள்ளைகளை நாற்காலிக்குப் பின்னே ஒளிய வைத்தாரே, அவரேதான். ஆனால் இந்த நாடகத்தில் பூதம் எதுவும் வருவதில்லை. ஒரு நோய் வருகிறது. உலகத்து ஜனங்களில் மிகச் சிலரைத் தவிர மற்ற எல்லோரையும் வாரிக்கொண்டு போய்விடுகிறது. அதற்குப் பிறகு அந்த மிகச் சிலர் என்ன செய்தார்கள் என்பதே கதை.

ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் வரும் காட்சியே போதும், கதையின் காரணம் விளங்கிவிடும். ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் ஒருவர் கையிலிருந்த கண்ணாடிக் குடுவை தவறி விழுந்து உடைகிறது. பிறகு ஆகாய விமானம் பறக்கிறது. பாஸ்போர்ட்டில் ஊர் ஊராக முத்திரை விழுகிறது. அவ்வளவுதான். சரக்குப் போகும் வழியில்தான் நோயும் போகிறது என்பதைத் துறைமுகப் பட்டினங்களில் கடை வைத்திருக்கும் நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

கதையின் முதற்பகுதியில் ஆபி கிரான்ட் என்னும் மாது நோயில் விழுந்து, பல நாள் நினைவின்றிக் கிடந்து, எழுந்து பார்க்கிறாள். கணவர் நாற்காலியிலேயே இறந்து கிடக்கிறார். தூரத்துப் பள்ளி விடுதியில் படித்த மகன் பீட்டர் என்ன ஆனான் என்று தெரியவில்லை. தேடிப் போகிறாள். அங்கே பையன் இல்லை. வயது முதிர்ந்த ஆசிரியர் ஒருவர் மட்டும் இருக்கிறார். அந்த முதியவர் அவளிடம் பேசுவதுதான் நாடகம் முழுவதற்கும் அடிக்கல். கடைகளிலே கிடக்கும் பண்டங்களை வைத்துக்கொண்டு சிலகாலம் தள்ளலாம். அவை தீர்ந்தபின் என்ன செய்வாய் என்று கேட்கிறார். ஒரு சிறு பொருளைக்கூட முதலிலிருந்து செய்யத் தெரிந்தவர் இன்று யார்? அதற்குக் கருவி வேண்டும். கருவிக்கு இரும்பு வேண்டும். இரும்பை மண்ணிலிருந்து எடுத்து உருக்கத் தெரிய வேண்டும்.

அந்த ஆசிரியர் நம்மவர்களை மனத்தில் வைத்துக்கொண்டு பேசினாரோ என்றுகூட நமக்குத் தோன்றுகிறது. மெழுகுவர்த்தி பெட்டி ஒன்றுக்கு என்ன விலை, எந்த ஊர்ச் சரக்கு நின்று எரியும், எந்த மாதத்தில் விலை ஏறும் என்றெல்லாம் நமக்கு மனப்பாடம். ஒரு மெழுகுவர்த்தியைச் செய்து காட்டு என்றால் நம்மில் எத்தனை பேர் செய்துவிடுவோம்? வாங்குபவனுக்கும் செய்பவனுக்கும் நடுவே நிற்பவர்கள் நாம். இரு பக்கமும் ஆள் இல்லாவிட்டால் நடுவில் நிற்பவனுக்கு வேலை என்ன? இது நம் தொழிலை இழிவுபடுத்தச் சொல்வதன்று. அரிசி விளையும் ஊர் ஒன்று, உண்ணும் ஊர் வேறு. அவ்விரண்டையும் இணைப்பது ஒரு பெரிய காரியந்தான். ஆனால் அந்தக் காரியம் பிறர் நம்பிக்கையின் மேல் நிற்கிறது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இனிக் கடைக்கு வருவோம். ஆபியும், கிரெக் பிரெஸ்டன் என்னும் பொறியாளரும், ஜென்னி என்ற இளம்பெண்ணும் வழியில் ஒன்றுசேர்ந்து உணவு தேடிப் பெரிய பலசரக்குக் கடை ஒன்றுக்குப் போகிறார்கள். அங்கே ஒரு மனிதனின் பிணம் தொங்குகிறது. கொள்ளையடித்தவன் என்று எழுதிய அட்டை அதன் மேல். தொங்கவிட்டவர்கள் ஆர்தர் வோர்ம்லி என்பவரின் ஆட்கள். இந்த வோர்ம்லி முன்பு தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். இப்போது சர்க்கார் இல்லை, ஆகையால் நாமே சர்க்கார் என்று சொல்லிக்கொண்டு, துப்பாக்கி பிடித்த சிலரோடு சுற்று வட்டாரத்துச் சரக்கையெல்லாம் தம் காவலுக்குள் கொண்டுவந்துவிட்டார். எடுக்க வந்தவனுக்கு மரண தண்டனை விதிக்கிறார். விதித்த இடத்திலேயே நிறைவேற்றவும் செய்கிறார்.

வோர்ம்லியை வெறும் கொடியவனாக நினைத்து ஒதுக்கிவிடுவது எளிது. நாம் அப்படிச் செய்யப்போவதில்லை. அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. சரக்கு எல்லையுள்ளது. புதிதாகச் செய்வார் இல்லை. யாரும் எதையும் எடுக்கலாம் என்று விட்டுவிட்டால், நடக்க முடியாத கிழவிக்கு ஒரு டப்பாவும், லாரி ஓட்டத் தெரிந்த வாலிபனுக்கு ஆயிரம் டப்பாவும் போய்ச் சேரும். பங்கீடு வேண்டும். பங்கீட்டுக்கு ஒரு காவல் வேண்டும். இதுவரை அவர் சொல்வது சரியே. ஆபியின் பக்கத்திலும் நியாயம் உண்டு. இறந்துபோனவனுக்கு டப்பா எதற்கு? உயிரோடிருப்பவன் பசித்திருக்க, பண்டம் அழுகுவது யாருக்கு லாபம்?

உடையவன் செத்தால் உடைமை பொதுவாகிவிடும் என்பது நாடகக்காரர்கள் இட்டுக்கட்டியதன்று. 1348ஆம் ஆண்டு பெரும் கொள்ளைநோய் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்தைச் சூறையாடியபோது, வீடுகள் பொதுவாகிவிட்டதையும், முன்பின் தெரியாதவர்கள் உள்ளே நுழைந்து சொந்தக்காரரைப் போலவே அனைத்தையும் அனுபவித்ததையும் பொக்காச்சியோ தம் 'டெக்கமரான்' நூலின் முன்னுரையில் எழுதி வைத்திருக்கிறார். அதே நோய் இங்கிலாந்தில் பரவியபின், கூலியாட்கள் அரிதாகிக் கூலி உயர்ந்தது. நிலக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. நோய்க்கு முந்திய கூலிக்கு மேல் ஒருவரும் கேட்கவோ கொடுக்கவோ கூடாதென்று 1351இல் சட்டமே போட்டுவிட்டார்கள். செத்தவர் சொத்து ஒரு பக்கம் பொதுவாயிற்று; உயிரோடிருந்தவரின் உழைப்புக்கு மற்றொரு பக்கம் பூட்டுப் போட்டார்கள்!

நாடகத்தில் வரும் ஜிம்மி கார்லண்ட் என்பவனின் கதை இதைவிடச் சுவையானது. பிரபு குடும்பத்தில் மூத்தவர்கள் பலர் இருக்கப் பிறந்த இளையவன் அவன். நோய் வராதிருந்தால் அந்த மாளிகையும் நிலமும் அவன் கைக்கு வந்திரா. மற்றவர்கள் மாண்டதால் இப்போது அவன்தான் வாரிசு. ஆனால் அவன் வந்து சேர்வதற்கு முன்பே நாக்ஸ் என்பவனும் அவனுடைய கூட்டமும் மாளிகையைப் பிடித்துக்கொண்டார்கள். காட்டிலே மறைந்திருந்து ஒற்றை ஆளாகச் சண்டை போடுகிறான் கார்லண்ட். பட்டயத்தைக் காட்டி வாதாடக் கோர்ட்டு ஏது? எனினும் அவன் வாயிலிருந்து வரும் ஒரு கருத்தை நாம் கவனிக்க வேண்டும். அந்த நிலத்தில் வாழ்பவர்களைப் பார்த்துக்கொள்வது தன் கடமை என்று அவன் நம்புகிறான். உரிமையைச் சொல்லும்போதே கடமையையும் சேர்த்துச் சொல்லுகிறான்.

உரிமை என்றால் என்ன? பூட்டும் சாவியும் உரிமையல்ல. திருடனிடமும் சாவி இருக்கக்கூடும். கையில் வைத்திருப்பதும் உரிமையல்ல. நம் கிட்டங்கியில் பிறர் சரக்கு எத்தனையோ கிடக்கிறது. இது இன்னாருடையது என்று மற்றவர்கள் ஒப்புக்கொள்வதும், இன்னாருக்கு நான் இன்னது கொடுக்க வேண்டும் என்று உடையவன் ஒப்புக்கொள்வதும் சேர்ந்ததே உரிமை. முதல் பாதி நோயால் அழிந்துவிட்டது. ஒப்புக்கொள்ள ஜனங்கள் இல்லை. இரண்டாம் பாதியும் அதோடு அழிந்ததா?

அழியவில்லை என்பதே நம் அபிப்பிராயம். ஆளில்லாக் கடைக்குள் முதலில் நுழைந்தவன் சரக்குக்கு முதலாளி ஆகிவிடவில்லை. நம்மவர் வழக்கில் அமானத் என்கிறோமே, அந்த நிலைக்குத்தான் அவன் வந்திருக்கிறான். ஒப்படைத்தவன் செத்துவிட்டான். யாருக்குத் திருப்பிக் கொடுப்பது? இன்னும் வந்து சேராத அடுத்தவனுக்கு. நாளையோ அடுத்த மாதமோ அதே கதவைத் திறந்துகொண்டு வரப்போகும் முகம் தெரியாத ஒருவனே இப்போது கடன்காரன் இடத்தில், அதாவது கொடுக்கப்பட வேண்டியவன் இடத்தில் நிற்கிறான். தனக்கு வேண்டிய இரண்டு டப்பாக்களை எடுத்தவன் அவனுக்கு மிச்சம் வைத்துப் போனான். லாரியைக் கொண்டுவந்தவன் வைக்கவில்லை. இரண்டு செயலுக்கும் உள்ள வேறுபாடு அதிலேதான் இருக்கிறது.

அப்படியானால் வோர்ம்லி பங்கீடு செய்தால் என்ன குற்றம் என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்விதான். இதற்குப் பதில் தேட இங்கிலாந்துக்குப் போக வேண்டாம். 2020ஆம் ஆண்டு கொரோனா நோய் வந்தபோது நம் கடை வாசல்களிலேயே பார்த்தோம். பிப்ரவரி 7ஆம் நாள் சிங்கப்பூர் அரசு எச்சரிக்கை நிலையை உயர்த்திய அன்று மாலையே அரிசியும் மீயும் கழிவறைக் காகிதமும் அலமாரிகளிலிருந்து பறந்தன. மார்ச் 16ஆம் நாள் இரவு நடமாட்டக் கட்டுப்பாட்டை மலேசியப் பிரதமர் அறிவித்தார். 18ஆம் நாள் அது நடைமுறைக்கு வருமுன் அங்கும் இதே கூத்து நடந்தது. கடைகள் ஆளுக்கு இவ்வளவுதான் என்று வரையறை வைத்தன. முகக் கவசத்துக்கு மலேசிய அரசு உச்ச விலை வைத்தது. அதுவும் பங்கீடுதான். ஆனால் அங்கே வாடிக்கையாளர் கேள்வி கேட்கலாம், பத்திரிகைக்கு எழுதலாம், விலையை ஏற்றியவர் மேல் புகார் செய்யலாம். வரையறை வைத்தவரும் ஒருவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவராக இருந்தார். வோர்ம்லியைக் கணக்குக் கேட்க ஒருவரும் இல்லை. கணக்குக் கேட்க வந்தவனைத்தான் அவர் தொங்கவிட்டுவிடுகிறாரே! காவல்காரனே கணக்கனாகவும், அவனே நீதிபதியாகவும் இருக்குமிடத்தில் பங்கீடு என்ற பெயர் நிற்காது.

2008 நவம்பரில் பி.பி.சி. இதே கதையைப் புதிதாக எடுத்து 2010 வரை இரண்டு தொடர்களாகக் காட்டியது. அதில் நஜீத் என்னும் முஸ்லிம் சிறுவனும், அல் சாதிக் என்னும் பணக்கார வாலிபனும் முக்கியமான பாத்திரங்கள். உல்லாசமாகக் காலங்கழித்த அந்த வாலிபன், உறவினர் எல்லோரையும் இழந்த அந்தச் சிறுவனைத் தன்னுடன் சேர்த்துக்கொள்கிறான். வேறு எதையும் பொறுப்பேற்றுப் பழகியிராதவன் அவன். இந்தப் புதிய நாடகம் பழையதைவிட வேகமாக ஓடுகிறது. அந்த வேகத்திலே சிந்தனை சற்று மெலிந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

பழைய நாடகத்தில் நம்மை மிகவும் உறுத்துவது சரக்கைப் பற்றிய பகுதியன்று. ஆபியின் குழு ஒரு பண்ணை வீட்டில் குடியேறிப் பயிர் செய்யத் தொடங்கிவிட்டது. ஒரு நாள் கொண்டாட்டம் நடக்கிறது. மறுநாள் வெண்டி என்ற பெண் கொலையுண்டு கிடக்கிறாள். சந்தேகம் பார்னி என்பவன் மேல் விழுகிறது. பார்னி அறிவு வளர்ச்சி குன்றியவன்; தன் பக்கத்தை எடுத்துச் சொல்ல அவனால் முடியவில்லை. எல்லோரும் கூடி விசாரித்து, வோட்டுப் போட்டு, மரண தண்டனை விதிக்கிறார்கள். சுடும் பொறுப்பு கிரெக் மேல் விழுகிறது. சுட்டுவிடுகிறான். அதற்குப் பிறகுதான், கொலை செய்தவன் தானே என்று டாம் பிரைஸ் என்னும் ஆசாமி ஒப்புக்கொள்கிறான். ஆபியும் கிரெக்கும் என்ன செய்தார்கள்? மறைத்துவிட்டார்கள். மற்றவர்களுக்குச் சொன்னால் குழு சிதறிவிடும். பண்ணையிலே வேலைக்குக் கை குறைவு. டாமும் ஒரு கைதானே.

வோர்ம்லியைக் கண்டு பதறியவள் இந்த ஆபிதான் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். அவளுக்குத் துப்பாக்கி ஆசை இல்லை. அதிகார ஆசையும் இல்லை. எல்லோரும் பேசி, எல்லோரும் வோட்டுப் போட்டு, முறையாக நடந்ததுதான். அப்படி நடந்தும் பேச்சுத் திறமில்லாத ஒருவன் உயிர் போயிற்று. அதைவிடக் கொடியது, போன பின் பேரேட்டைத் திருத்தாமல் மூடிவைத்தது. வெளியே தணிக்கை செய்ய ஆள் வரப்போவதில்லை என்று தெரிந்தால், நல்ல கணக்கப்பிள்ளையின் கைகூட ஒரு பக்கத்தை ஒட்டிவிடத் துணியும். அவர்களுக்கு வேறு வழி இல்லை என்று வாதிக்கிறவர்கள் உண்டு. டாமை வெளியே தள்ளினால் குளிர்காலத்தில் குழந்தைகள் பட்டினி கிடந்திருக்கக்கூடும் என்பார்கள். இருக்கலாம். டாமை வைத்துக்கொண்டே உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பார்னிக்கு உயிரைத் திருப்பித் தர முடியாது. அவன் பெயரைத் திருப்பித் தந்திருக்க முடியும். அதற்கு ஒரு மூட்டை கோதுமைகூடச் செலவில்லை.

வியாபாரம் இந்தக் கதையில் எப்போது மறுபடி பிறக்கிறது என்பதை நம் வாசகர்கள் அறிய விரும்புவார்கள். முதல் தொடரிலேயே பிறந்துவிடுகிறது. வெள்ளம் வந்து பண்ணையின் உணவுச் சேமிப்பு பாழாகிறது. அவர்களிடம் மிஞ்சியது ஒரு டாங்கி பெட்ரோல். அதைக் கொடுத்து உணவு வாங்கக் கிரெக் புறப்படுகிறான். வழியிலே கள்வர் கூட்டம். பெட்ரோலைக் குடிக்க முடியாது, உண்ண முடியாது. ஆனாலும் அது எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் அது சரக்காகிறது.

மூன்றாம் தொடரில் அதே பெட்ரோல் பணமாகிறது. நாட்டைத் திரும்ப இணைக்க விரும்புகிறவர்கள் பெட்ரோலை ஈடாக வைத்து நோட்டு வெளியிடுகிறார்கள். அந்த நோட்டுக்குப் பின்னே நிற்பது கிரெக்கின் பெயர். ஊர் ஊராகப் போய் ஜனங்களை இணைத்தவன் என்பதால் அவன் பெயருக்கு மதிப்பு இருந்தது. ஆனால் கிரெக் அதற்கு முன்பே பெரியம்மையில் இறந்துவிட்டான். (கதை ஒளிபரப்பான அதே 1977இல்தான் உலகின் இயற்கையான கடைசிப் பெரியம்மை நோயாளி சோமாலியாவில் கண்டறியப்பட்டார், 1980இல் அந்நோய் ஒழிந்ததென்று அறிவித்தார்கள்.) அவன் இறந்த செய்தியைக் கூட்டாளிகள் வெளியிடவில்லை. அவன் உயிரோடிருப்பதாக ஜனங்கள் நம்பினால்தான் நோட்டுச் செல்லும் என்பது அவர்கள் எண்ணம்.

தமிழில் காசுக்கும் நாணயம் என்றே பெயர்; சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம் என்றே பெயர். செத்தவன் பெயரில் நோட்டு விட்டவர்கள் முதலாவதை உண்டாக்க இரண்டாவதை விற்றார்களா? நமக்குள் இது பற்றி ஒரே அபிப்பிராயம் இல்லை. ஜப்பானியர் காலத்தில், 1942 முதல் 1945 வரை, மலாயாவில் ஓடிய வாழைமர நோட்டை நம் முன்னோர் கல்லாவில் வாங்கிப் போட்டார்கள். அதற்குப் பின்னே ராணுவம் நின்றது, சரக்கு நிற்கவில்லை. 1945இல் ராணுவம் சரணடைந்தது, நோட்டும் காகிதமாயிற்று. கிரெக்கின் நோட்டுக்குப் பின்னே ராணுவம் இல்லை, பெட்ரோல் இருந்தது. நோட்டைக் கொண்டுவந்தவனுக்குப் பெட்ரோலை அளந்து ஊற்றிவிட்டால் அவனுக்கு மோசம் ஏதுமில்லை, கையெழுத்துக்காரன் உயிரோடிருந்தால் என்ன, மாண்டால் என்ன என்று ஒரு சாரார் கூறுவர். நம்மில் பலருடைய கடைப் பெயர்ப்பலகையிலும் மறைந்துபோன பாட்டனார் பெயர்தானே இருக்கிறது என்றும் கேட்பர். அதில் உண்மை உண்டு. ஆனால் பாட்டனார் மறைந்த செய்தி வாடிக்கையாளருக்குத் தெரியும். தெரிந்தும் அவர்கள் வருகிறார்கள், பேரன் அதே நிறையை நிறுக்கிறான் என்பதால். கிரெக்கின் கூட்டாளிகள் ஜனங்களுக்கு அந்தச் சந்தர்ப்பத்தைக் கொடுக்கவில்லை. கிரெக் மாண்டான், பெட்ரோல் இதோ இருக்கிறது, இனி நாங்கள் அளந்து தருகிறோம் என்று சொல்லியிருந்தால், முதல் வாரம் நோட்டு விழுந்திருக்கும். இரண்டாம் வாரம் ஒருவன் ஒரு நோட்டைக் கொண்டுவந்து சோதித்துப் பார்த்திருப்பான்.